காலண்டர் சாரின் மூன்று பதில்கள்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாம் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. உறையின் பின்னால் இருக்கும் முகவரியைப் பார்த்ததுமே நான் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் தொலைபேசி எண் கிடைத்தது. ஆனால் என் குரலைக் கேட்டதும் நீங்கள் வைத்துவிட்டால் மறுபடி கூப்பிடும் தைரியம் எனக்கு வராது. அதனால்தான் கடிதம்.

அவர் போய் நான்கு மாதம் ஆகிறது. பத்து வருஷமாக ஞாயிறு இதழில் அவர் எழுதிய புராணக் கேள்வி-பதில்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் கேட்கிறது. நீங்களும் அந்தப் பகுதியைப் பார்த்திருப்பீர்கள். எல்லாமே காலக் குழப்பம் பற்றிய கேள்விகள்தான். ராமரை வழிமறித்த பரசுராமர், எட்டு லட்சம் வருஷத்துக்கு மேல் கழித்துக் கர்ணனுக்கு அஸ்திரம் சொல்லிக்கொடுத்தது எப்படி? பிள்ளையார் அண்ணனா, தம்பியா? ஒரே முனிவர் எப்படி நான்கு யுகத்திலும் வருகிறார்? கணக்கு வாத்தியாருக்கு இந்த வேலை எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் சிரித்து, 'காலண்டர் சார்' என்று பட்டமும் வைத்தார்கள். அவர் அதை ரசித்தார்.

பதில் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு கேள்வியையும் ஓர் அட்டையில் குறித்து எண்ணும் தேதியும் போட்டு வைப்பது அவர் வழக்கம். என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். ஆனால் முதல் அட்டையின் எண்ணே 231. முதல் இருநூற்று முப்பதும் உங்களிடம்தான் இருக்க வேண்டும். அவற்றைத் தந்தால், பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
அவருடைய மனைவி

*

ஜனவரி 17

அம்மா என்று எழுத வேண்டாம். எனக்கு உங்களைவிட எட்டோ ஒன்பதோ வயது அதிகம் இருக்கும், அதற்காக நான் உங்களைப் பெறவில்லை. அக்கா என்றும் எழுத வேண்டாம். ஒரே ஆளைக் கட்டிய இரண்டு பேர் அக்கா தங்கை என்று கூப்பிட்டுக்கொண்டால் ஊர் வாயை மூட முடியாது.

அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. நான் வேலை செய்யும் மேஜைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில். நான் பல் கட்டும் லேப் நடத்துகிறேன் என்று சொல்லியிருப்பார். சொல்லவில்லை என்றாலும் ஆச்சரியமில்லை. டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் செய்து, தேய்த்து, மெருகு போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தப் பெட்டியின் மேல்தான் காலை வைத்துக்கொள்கிறேன். உயரம் சரியாக இருக்கிறது.

தர மாட்டேன்.

காரணம் வேண்டுமென்றால் சொல்கிறேன். அவர் இறந்தபோது ஞாயிறு இதழில் போட்டிருந்தார்கள்: 'நூலகரான தம் மனைவியின் தூண்டுதலால் இந்தப் பணியைத் தொடங்கினார்.' அதை நான் நின்றுகொண்டே மூன்று முறை படித்தேன். தொடங்கினாராம். எங்கள் வீட்டு நடைவழிச் சுவரில், வாசற்கதவு முதல் குளியலறை வரை, பதினொரு அடி நீளக் காகிதச் சுருளை ஒட்டி, கிருத யுகத்திலிருந்து கலியுகம் வரை ஒரே கோடாக இழுத்தது யாராம்? குளித்துவிட்டு ஈரக்கையோடு வந்தால், "சுவரைத் தொடாதே, திரேதா யுகம் அழிஞ்சிடும்" என்பார். பத்தொன்பது வருஷம் நான் என் சொந்த வீட்டில் ஒருக்களித்து நடந்தேன். தூண்டுதலாம்.

அப்போது அவருடைய கொள்கை ஒன்றுதான். எல்லாம் ஒரு தடவைதான் நடந்தது, ஒரே வரிசையில் நடந்தது. கணக்கு இடித்தால் எழுதியவன் தப்பு. பரமசிவன் கல்யாணத்தில் முதலில் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள் என்று ஒரு கதை வருகிறதே, அப்பா அம்மா கல்யாணத்துக்குப் பிள்ளை எங்கிருந்து வந்தான் என்று நான் கேட்டதற்கு 41-ஆம் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: 'எழுதியவர் பிழை. நீக்குக.' அந்தக் கேள்வியைக் கேட்டது நான். இதையும் உங்கள் இதழில் போடச் சொல்லுங்கள்.

புத்தகத்தை யாருக்குச் சமர்ப்பணம் செய்கிறீர்கள்?

இப்படிக்கு,
அவருடைய பத்தொன்பது வருஷம்

*

ஜனவரி 25

வணக்கம்.

அந்த அஞ்சலிக் குறிப்பை நான் எழுதவில்லை. இதழிலிருந்து ஓர் உதவி ஆசிரியர் வந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். அவர் எழுதியதைப் பிறகுதான் பார்த்தேன். திருத்தம் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

என் வீட்டில் சுவரில் எதுவும் ஒட்டவில்லை. இங்கே வந்த பிறகு அவர் கொள்கையே மாறிவிட்டது. கல்பம் என்பது பிரம்மாவின் ஒரு பகல், மனிதக் கணக்கில் நானூற்று முப்பத்திரண்டு கோடி வருஷம். அது முடிந்து இன்னொன்று வரும். ஒவ்வொரு கல்பத்திலும் அதே கதை வேறு மாதிரி நடக்கும். ஒன்றில் பிள்ளையார் அண்ணன், இன்னொன்றில் தம்பி. ஒன்றும் பொய் இல்லை. நீங்கள் சொன்ன அதே கல்யாணக் கேள்வியை ஒரு வாசகியும் கேட்டிருந்தார். 377-ஆம் அட்டையில், 'அது முந்தைய கல்பத்துப் பிள்ளையார்' என்று எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, "இப்போதான் மூச்சு விட முடியுது" என்றார்.

பதில் கிடைக்காத இடங்களில் 'தெரியவில்லை' என்று எழுதிக் கீழே கோடு போட்டு விட்டுவிடுவார். அப்படிப் பதினேழு அட்டைகள் இருக்கின்றன. எனக்கு அவற்றைத்தான் அதிகம் பிடிக்கும்.

சமர்ப்பணம் பற்றிக் கேட்டீர்கள். எண் இல்லாத ஓர் அட்டை பெட்டியின் மேலாக இருந்தது. அதில் இரண்டே சொற்கள்: 'என் மனைவிக்கு.' தேதி போடாத ஒரே அட்டையும் அதுதான். ஆனால் சந்தேகப்பட எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். அது என் வீட்டில், என் அலமாரியில், என்னிடம் இருக்கும் பெட்டியில் இருந்தது.

இப்படிக்கு,
அவருடைய மனைவி

*

பிப்ரவரி 6

தேதி போடாமல் அந்த மனிதர் பால்காரனுக்குக்கூடச் சீட்டு எழுதியதில்லை. தேதி இல்லையென்றால் அது எந்தக் காலத்து அட்டையாகவும் இருக்கலாம். இங்கிருந்து கிளம்பும்போது கையோடு எடுத்துக்கொண்டு வந்ததாகவும் இருக்கலாம். உன் அலமாரியில் இருந்தால் உன்னுடையதா? அப்படிப் பார்த்தால் அவரே என் அலமாரியில் இருந்தவர்தான்.

'நீ' என்று எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை. நேற்று முழுக்க உன்மேல் இருந்த கோபத்தில் மரியாதை வரவில்லை.

நேற்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். உன் கடிதம் வந்த பிறகு பெட்டியைத் திறந்தேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக. முதல் அட்டைகள் எல்லாம் என் லேபுக்குப் பற்கள் வரும் டப்பாவின் அட்டையை வெட்டி அவருக்கு நான் கொடுத்தவை. ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. 187 வரைக்கும் அப்படித்தான். 188-லிருந்து அட்டை மாறுகிறது. வெள்ளை அட்டை, மேலே சிவப்புக் கோடு, கீழே நடுவில் ஓர் ஓட்டை. அது எந்த இடத்து அட்டை என்று ஒரு நூலகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

188-ன் தேதியைப் பார்த்தேன். அவர் வீட்டை விட்டுப் போவதற்கு இரண்டு வருஷம் முன்பு. சனிக்கிழமை. அடுத்த ஆறும் சனிக்கிழமை. அந்த வருஷம் சனிக்கிழமைதோறும் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறதென்று சட்டையை இஸ்திரி போட்டு வாங்கிக்கொண்டு போவார். போட்டுக் கொடுத்தவள் நான். என்னிடம், நாங்கள் பிரிந்த பிறகுதான் உன்னைத் தெரியும் என்று சொன்னார். நீயும் வக்கீலிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய்.

ரேவதி என்று ஒரு பெண்ணைப் பற்றி 112-ஆம் அட்டையில் இருக்கிறது. அவளுக்கு மாப்பிள்ளை கேட்க அவளுடைய அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு பிரம்மாவிடம் போகிறார். அங்கே பாட்டு நடக்கிறது. முடியட்டும் என்று ஓரமாக நிற்கிறார்கள். முடிந்ததும் கேட்டால், இங்கே நீங்கள் நின்ற நேரத்தில் பூமியில் இருபத்தேழு சதுர்யுகம் போய்விட்டது, நீங்கள் மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகளின் பேரன் பேரும் இப்போது யாருக்கும் தெரியாது என்கிறார் பிரம்மா. அதை அவர் எனக்குப் படித்துக் காட்டியபோது நான் சிரித்தேன். நேற்று 188-ஐக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது சிரிப்பு வரவில்லை. நான் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்த நேரத்தில் உங்கள் பக்கம் எத்தனை யுகம் போயிற்று?

இன்னொன்று. அவர் 'தெரியவில்லை' என்று எழுதினார் என்கிறாய். என்னிடம் ஒரு நாள்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வழி தப்பிப் போய் ஒரு மணி நேரம் சுற்றினாலும், ரோட்டைத்தான் மாற்றிவிட்டார்கள் என்பார். நீ பொய் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். பொய் இல்லையென்றால் அந்தப் பதினேழையும் பிரதி எடுத்து அனுப்பு.

*

பிப்ரவரி 15

வணக்கம்.

பதினேழு பிரதிகளும் இத்துடன் இருக்கின்றன.

188 பற்றி: நூலகத்தின் அட்டவணையைக் கணினிக்கு மாற்றியபோது பழைய வெற்று அட்டைகள் மூட்டை மூட்டையாக மிஞ்சின. குறிப்பு எடுக்க வந்தவர் ஒருவர் கேட்டார், கொடுத்தேன். சனிக்கிழமை வருவார், மூலையில் ஜன்னலோர மேஜையில் உட்காருவார், மணி அடித்ததும் போய்விடுவார். இரண்டு வருஷத்தில் எங்களுக்குள் புத்தகத்தைத் தவிர ஒரு பேச்சும் இல்லை. அந்த அர்த்தத்தில் வக்கீலிடம் நான் சொன்னது உண்மை. ஆனால் வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வந்தார் என்பது எனக்கு உங்கள் கடிதம் வரும்வரை தெரியாது. மறைக்க ஒன்றுமில்லாதபோது ஒருவர் ஏன் மறைக்க வேண்டும்? நான் ஒன்றும் நினைக்காத நாட்களிலேயே அவர் நினைத்திருக்கிறார். அதைக் கேட்டு நான் மகிழ வேண்டுமா, வெட்கப்பட வேண்டுமா? இரண்டும் வருகிறது.

இப்போது என் முறை. உங்களிடம் கேட்பதற்கு எனக்கும் ஒன்று இருக்கிறது. உங்கள் முதல் கடிதத்தைப் பிரித்த அன்றே கேட்டிருக்க வேண்டும். நாலு வாரமாகக் கேட்காமல் இருந்தேன்.

என் பெட்டியில் கடைசி ஒன்பது அட்டைகள், 634 முதல் 642 வரை, அவர் கையெழுத்தில் இல்லை. பின்னால் சாய்ந்த எழுத்து, அழுத்தமான புள்ளி. யார் எழுதியது என்று தெரியாமல் செப்டம்பரிலிருந்து அவற்றை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாராவது இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் உறையின் மேல் என் முகவரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அட்டையும் ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு.

கடைசி வருஷம் அவருக்குக் கை நடுங்கியது. டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்று எத்தனையோ தடவை கேட்டேன். என் தொழிலே அட்டை எழுதுவது. "வேண்டாம், நானே எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் ஒரு வரியோடு போராடுவார். நான் பார்க்காத மாதிரி அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

அந்த ஒன்பது அட்டைகளிலும் ஜூலை, ஆகஸ்ட் தேதிகள். எல்லாம் வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் நான் நூலகத்தில் மாலை வரை இருப்பேன். பல் டாக்டரிடம் போய்வந்ததாகச் சொன்னார்.

நீங்கள் எனக்கு ஒரு சனிக்கிழமையைக் காட்டினீர்கள். இந்த வியாழக்கிழமைகளுக்கு என்ன பெயர்?

*

மார்ச் 2

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணம் இல்லை.

பதினேழையும் படித்தேன். அவர் கையேதான். 'தெரியவில்லை.' 'தெரியவில்லை.' ஒன்றில் 'எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர் எழுதலாம்' என்றுகூட இருக்கிறது. என்னிடம் இருந்தவரும் உன்னிடம் வந்தவரும் ஒரே ஆள்தானா? எனக்குத் தூக்கம் போயிற்று. நகை, வீடு எதையும் நீ எடுத்துக்கொண்டதாக நான் நினைத்ததில்லை. இந்த ஒரு வார்த்தையை நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி வியாழக்கிழமை.

போன ஜூனில் ஒரு கிளினிக்கிலிருந்து ஒரு வாய் அச்சு வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் உடைத்து எடுத்தேன். கீழ் வரிசை. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்திருக்கிறது. நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பத்தொன்பது வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட வாய். பிளாஸ்டரில் பார்த்தாலும் தெரியாதா? பின்பக்கம் இரண்டு பல் விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

கட்டிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, கடிக்கும்போது இடிக்கிறது என்று அவரே லேபுக்கு வந்து நின்றார். கிளினிக்கில் முகவரி கொடுத்தார்களாம். உள்ளே நான் இருப்பேன் என்று தெரிந்து வந்தாரா என்று நான் கேட்கவில்லை. வாயைத் திறக்கச் சொன்னேன், மை ஒட்டும் நீலத்தாளைக் கடிக்கச் சொன்னேன், இடித்த இடத்தைத் தேய்த்தேன். போகிற நேரத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். "ஒரு மூணு வரி எழுதித் தர்றியா?" என்றார். மேஜையில் டப்பா அட்டை கிடந்தது. எழுதினேன். அப்புறம் மூன்று வியாழக்கிழமை வந்தார். பல் ஒன்றும் இடிக்கவில்லை.

என்ன சொன்னார் என்று 640-இல் படித்திருப்பாய். அதே பிள்ளையார் கேள்விதான். "எழுதினவன் தப்புன்னு உன்கிட்ட சொன்னேன். வேற கல்பம்னு அப்புறம் சொன்னேன். ரெண்டுமே அவசரம்" என்றார். புராணத்தில் யாரும் சும்மா கதை சொல்வதில்லை, ஒருவர் கேட்கிறார், ஒருவர் சொல்கிறார். கதைசொல்லியான சூதர், காட்டில் முனிவர்களுக்குச் சொல்கிறார். ஒரு முனிவர் நாட்டை இழந்த அரசனுக்குச் சொல்கிறார். யாகம் தொடங்கப் போகிறவனுக்குச் சொல்லும்போது பிள்ளையார் முதலில் வந்துதான் ஆக வேண்டும், பிள்ளை இல்லாத பெண்ணுக்குச் சொல்லும்போது அவர் கடைசியில்தான் பிறக்க வேண்டும். நான் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'காலம் பிசகினால், கேட்டவர் யாரென்று முதலில் பார்க்க.'

எழுதி முடித்ததும் வாங்கிப் படித்துவிட்டு, உன் எழுத்து மாறவே இல்லை என்றார். அப்போது எனக்கு எப்படி இருந்தது என்பதை உனக்கு எழுதப் போவதில்லை. எழுதாத ஒன்று இருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

*

மார்ச் 11

புத்தகம் வேண்டாம் என்று பதிப்பகத்துக்குச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் எனக்கு அனுப்பியதைப் படித்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு தவறான வரிசையில் வைத்துக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு முழு அலமாரி. இருபத்து நான்கு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

அவர் உங்களோடு பேசினார் என்பதில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வேண்டாம், நம்பாதீர்கள், இருக்கிறது. ஆனால் பெரிய கோபம் அது இல்லை. நான் அவருடைய இரண்டாவது பதிலோடு வாழ்ந்துகொண்டிருந்தேன். கல்பம் வேறு, அதனால் நீங்கள் வேறு காலம், நான் வேறு காலம், இரண்டும் ஒன்றையொன்று தொடாது. பதினோரு வருஷம் அதை நம்பித்தான் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தேன். அவர் அதை அவசரமாகச் சொன்னதாம். அதைத் திருத்த உங்களிடம் வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை. மூன்றாவது பதிலை நான் அவர் செத்த பிறகு ஓர் அட்டையில், இன்னொரு பெண்ணின் கையெழுத்தில் படித்தேன்.

சமர்ப்பண அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்ப எடுத்தேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. கடைசி நிமிஷத்தில் மனம் வரவில்லை. அது எனக்கில்லை என்று ஆனால் என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது?

உங்கள் அட்டைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனி எழுத வேண்டாம்.

*

மார்ச் 19

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றுதான், படித்துவிடு.

போன கடிதத்தில் நான் உன்னைக் குத்துவதற்கென்றே எழுதினேன். எழுதியதெல்லாம் உண்மை. எழுதாமல் விட்டது இரண்டு. அவற்றை விட்டதால்தான் அது குத்தியது.

முதலாவது. கடைசிக்கு முந்தின வியாழக்கிழமை நான் கேட்டேன். "வீட்ல அவங்க இருக்காங்களே, கார்டு எழுதறதே அவங்க வேலை, அங்க எழுதச் சொல்லக் கூடாதா?" அவர் கையைத் தொடையின் கீழே வைத்து அழுத்திக்கொண்டார். நடுங்குவது தெரியாமல் இருக்க. "அவ முன்னாடி இப்படி உட்கார மனசு வரலை. அவளுக்கு நான் இன்னும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுதிட்டிருக்கிற ஆளாவே இருக்கட்டும்" என்றார். "உன் முன்னாடின்னா பரவாயில்லை. நீ என் வாய்க்குள்ளேயே பார்த்தவ." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு பல் தேய்க்கும் மிஷினைச் சும்மா ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்குப் புரிகிறதா? என் முன்னால் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். என் முன்னால் அழகாக இருக்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இஸ்திரி போட்ட சட்டையும் சனிக்கிழமைக்குத்தான்.

இரண்டாவது. கடைசி வியாழக்கிழமை. 642 முடிந்தது. "முதல் பக்கத்துக்கு ஒண்ணு எழுதணும்" என்றார். சொல்லுங்கள் என்றேன். "என் மனைவிக்கு" என்றார். 'என்' என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. "எந்த மனைவிக்கு?" என்று கேட்டேன்.

"வீட்ல இருக்கிறவளுக்குத்தான். வேற யாருக்கு?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னார். நான் பேனாவை மூடி அவர் பையில் வைத்தேன். "அதை நீங்களே எழுதிக்கோங்க" என்றேன். அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் வரவில்லை. நான்கு வாரத்தில் செய்தி வந்தது.

அந்த அட்டையை எடுத்துப் பார். 'என்' என்பது என் கை. 'மனைவிக்கு' என்பது அவர் கை. அவர் வீட்டுக்கு வந்து மீதியை முடித்திருக்கிறார். நான் எழுதி முடித்திருந்தால் தேதி போட்டிருப்பேன். அவர் ஏன் போடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அது உனக்கு. ஜனவரியில் நீ முதல் கடிதம் போட்ட அன்றைக்கே எனக்கு இது தெரியும். தெரிந்தே உன்னோடு மல்லுக்கு நின்றேன். தேதி இல்லாத ஓர் அட்டை, கொஞ்ச நாள் அது எனக்கும் இருக்கட்டுமே என்று பார்த்தேன்.

பெட்டியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். 1 முதல் 230 வரை வரிசையாக இருக்கிறது. பிரதி எடுக்க வேண்டாம், நீயே வைத்துக்கொள். புத்தகத்தை நிறுத்தாதே.

*

மார்ச் 28

அக்கா,

வேறு எப்படியும் எழுத வரவில்லை. ஊர் வாயை ஊரே மூடிக்கொள்ளட்டும்.

பெட்டி பத்திரமாக வந்தது. பதிப்பகத்தாரிடம் மறுபடி பேசிவிட்டேன். ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்க வேண்டும், கடைசியாகச் சொன்னதைப் போடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளையார் கேள்விக்கு மூன்று பதிலும் வரும். 41, 377, 640, மூன்றும் அதனதன் தேதியோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக. முதல் பதிலுக்கு மேல், கேள்வி கேட்டது நீங்கள் என்றும் இருக்கும். 634 முதல் 642 வரை எழுதியது யார் என்றும் இருக்கும்.

அட்டையைப் பார்த்தேன். ஏழு மாதமாக எத்தனை தடவை பார்த்திருப்பேன். முதல் சொல்லில் கை ஏன் நடுங்கவில்லை என்று ஒரு தடவையும் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு என்று நம்ப வேண்டியிருந்தது, அதனால் பார்க்கவில்லை. அச்சில் எழுத்துக் கோக்க வேண்டாம், அட்டையை அப்படியே படமெடுத்து முதல் பக்கத்தில் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் மறைத்து வைத்திருந்திருக்கலாம். எனக்கு வேறு வழியில் அது தெரிந்திருக்காது. அதற்கு நன்றி என்ற சொல் போதாது, எனவே எழுதவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சமர்ப்பணம் எனக்குத்தான் என்று தெரிந்தால் மனம் அடங்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு பகல் அடங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதும் மனிதராக அவர் எனக்குக் கடைசிவரை இருந்தார், சரி. அதற்காகத் தொடையின் கீழே கையை ஒளித்துக்கொண்டவரை நான் பார்க்கவே இல்லை. அடுத்த அறைக்கு எழுந்துபோய், பார்க்காததுபோல் இருந்து, அவருக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமர்ப்பணத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு உங்கள் வியாழக்கிழமைகளில் ஒன்றைக் கொடுங்கள் என்றால், யோசிக்காமல் மாற்றிக்கொள்வேன்.

மாற்ற முடியாது. அதனால் வேறொன்று கேட்கிறேன். அடுத்த வியாழக்கிழமை விடுமுறை எடுத்திருக்கிறேன். மதியம் உங்கள் லேபுக்கு வருகிறேன். உங்கள் வேலை கெட வேண்டாம், நீங்கள் பாட்டுக்குப் பல் தேய்த்துக்கொண்டே பேசலாம். அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், என்ன சட்டை, வந்ததும் முதல் வார்த்தை என்ன, எதற்குச் சிரித்தார், எல்லாவற்றையும் சொல்லுங்கள். எனக்கு வலிக்கும் என்று எதையும் விட்டுவிட வேண்டாம். உங்களுக்கு வலிக்கிற இடத்தை வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.

தேதி முன்னே பின்னே போனாலும் நான் திருத்த மாட்டேன்.